மா டின்னில் போட்ட படம்

நான் முதன்முதலாக வாசித்த வசனத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவை பிழை என்று தெரிய மூன்றாம் வகுப்பு வரை போகவேண்டியிருந்தது. வசனத்தின் பொருள் விளங்கியதோ அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு. வாசித்த அன்று எனக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. ஆனால் கெட்டிக்காரி என்ற நினைப்பு மட்டும் தலை நிறைய இருந்தது.

அது சண்டைக்காலம். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பெருந்தெருவிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கினால் எங்கள் வீடு. இறங்கும் சந்தியில் ஆமி முகாம். அப்பா சவூதியில் இருந்தார். அவர் கடிதம் எழுதுவதில்லை. கசெட்டில் பேசி அனுப்புவார், ஏனென்றால் அம்மாவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. அம்மா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையின் வயல் வட்டைகளுக்கு நடுவே பிறந்தவள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. முகாமில் வீட்டாரின் பெயர்களைப் பதிந்தபோதும் அவள் கைநாட்டுத்தான் வைத்தாள். மை பட்ட பெருவிரலைச் சீலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அடுத்த நாளே என்னை நேசரியில் சேர்த்துவிட்டாள்.

நேசரி என்பது ஒரு கிடுகுக் கொட்டில், நான்கு பாய், ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்தான். நான் சேர்ந்து சில நாட்களில் அவர் ஏதோ பயிற்சிக்கென்று டவுனுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தட்டியில் தொங்கிய அரிச்சுவடி அட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கூரையில் செருகினார். இனிமேல் ஆனா, ஆவன்னா கிடையாது என்றார். எழுத்தின் பெயர் நமக்கு வேண்டாம், அது போடும் சத்தம் தெரிந்தால் போதும், சத்தங்களைக் கோத்தால் சொல் தானாக வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

ஊர் வீடுகளில் வெறும் பால்மா டின்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வோர் எழுத்தை எழுதி வரிசையாக வைத்தார். திங்கட்கிழமைகளில் ஒரு புது டின் வரும். அந்தச் சத்தத்தில் தொடங்கும் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து டின்னுக்குள் போடவேண்டும். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து, முதலில் சத்தத்தையும் பிறகு பெயரையும் சொல்லவேண்டும். ப டின்னில் பஞ்சும் பருப்பும் பம்பரமும் கிடந்தன. ட டின்னில் ஒரு டயர்த் துண்டு மட்டும் தனியாகக் கிடந்தது. ம் என்ற சத்தத்தைக் கரும்பலகையில் மட்டும் எழுதிக் காட்டினார், அதற்கு டின் இல்லை. அதில் தொடங்கும் பொருள் உலகத்தில் எதுவுமே இல்லையாம். அது வாயை மூடும் சத்தம், வாய்க்குள்ளேயே இருக்கட்டும் என்று டீச்சர் சொன்னார்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. என்னுடைய பெரியப்பா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்குத் தாமே பொறுப்பு என்ற எண்ணமுடையவர். எங்க, பானா சொல்லு பாப்பம் என்றார் ஒருநாள். நான் உதட்டை மூடித் திறந்து, ப, ப, ப என்று மூன்று தரம் வெடித்துக் காட்டினேன்.

"இதென்னகா, அவ புள்ளையளுக்குப் படிப்பிக்கிறாவோ, தவளைக்குப் படிப்பிக்கிறாவோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. நேசரியில் ப, பெரியப்பா வீட்டில் பானா. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: எனக்கு வீட்டில் ஒரு பெயரும் பதிவில் ஒரு பெயரும் இருப்பதுபோல எழுத்துகளுக்கும் இருக்கவேண்டும். வீட்டில் நான் சத்தம் பழகும்போது அம்மா அடுப்பைப் பார்த்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். அவளுடைய உதடும் சத்தமில்லாமல் கூடவே அசையும். துருவுகிற களைப்பில் அப்படி அசைகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ந டின் வந்த வாரம் ஓர் ஆமிக்காரர் நேசரிக்கு வந்தார். அவரை அவர் என்று எழுதுவதா, அவன் என்று எழுதுவதா என்பது எனக்கு இன்றும் தீராத சிக்கல். அன்று அவர் என்றுதான் சொன்னோம், அப்படியே விட்டுவிடுகிறேன். அவருக்குத் தமிழ்ப் பரீட்சை ஏதோ எழுதவேண்டியிருந்ததாம். பிள்ளைகளோடு இருந்து படிக்கட்டும் என்று முகாமிலிருந்து சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல டீச்சரால் முடியுமா? வெளியில் இன்னொருவரிடம் துவக்கைக் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் பாயின் கடைசியில் வந்து சம்மணம் கட்டி இருந்தார். முழங்கால் இரண்டும் எங்கள் தலைக்கு மேலே நின்றன.

முதல் நாள் சில பிள்ளைகள் அழுதார்கள். இரண்டாம் வாரம் பயம் போய்விட்டது, ஏனென்றால் அவர் எங்களைவிட மோசமான மாணாக்கர். ர சொல்லச் சொன்னால் ட டின்னைக் காட்டுவார். நாங்கள் உருண்டு சிரிப்போம். அவரும் சிரிப்பார். அவரும் ஒழுங்காகத் திங்கட்கிழமைகளில் பொருள் கொண்டுவந்தார். வா டின்னுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். அன்றைக்கு மட்டும் பாடம் முடியும்போது டின் காலியாக இருந்தது. ஊரில் பெரிய ஆண்கள் எல்லாரும் எங்களுக்கு மாமாதானே, அவர் ஆமி மாமா ஆனார். பாயில் எனக்குப் பக்கத்து இடம் அவருக்கு. அவர் பிழை விடும்போதெல்லாம் காதோடு சரியான சத்தத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அப்படியே ஒரு திங்கட்கிழமை மா டின் வந்தது.

மா என்பது மிக இலேசான சத்தம். அதுதான் எனக்குப் பிரச்சினை. எல்லாப் பிள்ளைகளும் மாங்கொட்டையோடுதான் வரப்போகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒருத்தி கோதுமை மா கொண்டுவருவதாகவும் கதை. யாரும் கொண்டுவராத ஒன்றை நான் கொண்டுபோகவேண்டும். மத்தியானம் அம்மாவின் தலையணையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு யோசித்தபோது, தலையணைக்குள் சரசரவென்று கேட்டது. சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகிய காது அல்லவா, அது பஞ்சின் சத்தம் இல்லை என்று உடனே பிடித்துவிட்டது.

அந்தச் சரசரப்பு எனக்குத் தெரிந்ததுதான். அம்மா ஒருநாள் தலையணையின் தையலுக்குள் விரலை விட்டு ஒரு படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் எட்டிப் பார்த்திருக்கிறேன். மீசை அரும்பிய ஒரு பெடியன், கையில்லாத பெனியனோடு தென்னை மரத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"உன்ட மாமா. கட்டாரில இருக்கார். ஒருத்தருக்கும் சொல்லப்படா, சரியா மகள்?" என்றாள் அம்மா.

கட்டாரில் இருப்பது ஏன் வெட்கமான விஷயம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா சவூதியில் இருப்பதை ஊருக்கெல்லாம் சொல்கிறோமே. ஆனாலும் நான் வாக்குத் தவறவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போய் டின்னுக்குள் போட்டேன், அவ்வளவுதான்.

அன்று கையை விட்டு எடுத்தவர்களுக்கெல்லாம் மாங்கொட்டையே வந்தது. ஆமி மாமாவின் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை விட்டவர், மாவு படிந்த படத்தை எடுத்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சரின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. அவர் எங்கள் ஊர்ப் பெண் என்று சொன்னேன் அல்லவா, படத்தில் இருந்தவனை அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குரலை நிதானமாக வைத்துக்கொண்டு, "அது படம். ப, படம். ஆரோ மாறிப் போட்டுட்டாங்க. ப டின்னுக்குள்ள போடுங்க" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த பொருளை டீச்சரே பிழையான டின்னுக்கு அனுப்புகிறாரே! எழும்பி நின்று கத்தினேன்.

"இல்ல டீச்சர்! மா! அது எங்கட மாமா! கட்டாரில இருக்கார்!"

பிள்ளைகள் எல்லாரும் பழக்கதோஷத்தில் ஒரே குரலில், மா, மாமா என்றார்கள். ஆமி மாமா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நல்ல மாணாக்கரைப்போல, டீச்சர் காட்டிய ப டின்னுக்குள் கையை விட்டார். நான் அவமானத்தில் அழுதேன். பாடம் முடிந்ததும் டீச்சர் ப டின்னைப் பாயில் கவிழ்த்துக் கொட்டினார். பஞ்சும் பருப்பும் பம்பரமும் விழுந்தன. படம் விழவில்லை.

டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினார். அவரும் அம்மாவும் கிணற்றடியில் நின்று என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா உள்ளே வந்து தலையணையைத் தடவிப் பார்த்தாள். எனக்கு அடி விழும் என்று முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், விழவில்லை. அடிக்காததுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. தெருவில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு வளர்ந்த பிள்ளையை எதற்கு இடுப்பில் வைக்கிறாள் என்று கூச்சமாக இருந்தது. எல்லாம் வழமைபோல நடப்பதாக ஊருக்குத் தெரியவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், என்னை நேசரிக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஆமி மாமா வந்தார். வழக்கம்போலச் சம்மணம் கட்டி இருந்தார், வழக்கம்போலப் பிழை விட்டார். அன்று நான் கோபத்தில் காதோடு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. போகும்போது, சப்பாத்து மாட்டக் குனிவதுபோலக் குனிந்து, என் பைக்குள் நாலாக மடித்த ஒரு கொப்பித் தாளை வைத்தார்.

"அம்மாக்குக் குடு" என்றார். டீச்சர் அப்போது கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா தாளை விரித்தாள். உள்ளே படம் இருந்தது. அம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் தாளில் ஏதோ எழுதியிருப்பதைக் கண்டாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். பெரியப்பாவிடம் கொடுத்தால் அவர் ஊருக்கே கேட்கும்படிதான் வாசிப்பார். டீச்சருக்கோ, அந்தப் படத்தால் ஏற்கெனவே பிடித்த நடுக்கம் இன்னும் விட்டிருக்கவில்லை. கடைசியில் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்து, தாளை என் மடியில் வைத்தாள்.

"மகள், இது என்னெண்டு பாரு. உனக்குத் தெரியுமா?"

பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்துகள்! தெரியாத எழுத்து ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் எழுத்தெல்லாம் அந்தப் பால்மா டின்களிலும் கரும்பலகையிலும் இருந்தவைதானே, என்னிடம் இருந்ததும் அதேதான். கோழி கிளறியதுபோல, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எழுதியிருந்தார். நான் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, டீச்சர் பழக்கிய முறையில், ஒவ்வொரு சத்தமாக எடுத்து வைத்தேன்.

நா. ம. வா. ர.

சத்தங்களைக் கோக்க எனக்கு இன்னும் வராது. கோக்கும் பாடம் டின் எல்லாம் முடிந்த பிறகுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா உதட்டுக்குள் கோத்தாள். நாம வாற, என்றாள் மெதுவாக. நான் ஆச்சரியப்பட்டுப்போனேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும் என்பதை இத்தனை நாளும் என்னிடம் மறைத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். மா. மா. ப. ட. ம். ம் சொல்லும்போது வாயை நன்றாக மூடிக் காட்டினேன். வா. நா. ம்.

நாம வார. மாமா படம் வாநாம். வாற என்றால் வருகிறோம், வாணாம் என்றால் வேண்டாம். ற எங்கள் டின்களில் இல்லை, அதனால் ர போட்டிருந்தார். ணகரத்தில் தொடங்கும் பொருளும் இல்லை, டின்னும் இல்லை. அதனால் ந போட்டிருந்தார். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் சும்மா இருந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தபோது அந்த இரண்டு பிழையையும் பிடித்தேன். பிடித்துவிட்டு, ஆமி மாமா கடைசி வரை மோசமான மாணாக்கர்தான் என்று சிரித்தேன்.

அன்று அம்மா சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா வாசி மகள்" என்றாள்.

வாசித்தேன். இந்த முறை இன்னும் தெளிவாக.

"இன்னும் ஒருக்கா. ஆறுதலா, மெல்ல மெல்ல வாசி."

மூன்றாம் முறை ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக, மணி அடித்ததுபோல வாசித்தேன். என் வாசிப்பில் அம்மா மயங்கிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். கண் கலங்கியிருந்தாளே, அது பெருமையால்தான். அப்பாவுக்கு அடுத்த கசெட்டில் இதையெல்லாம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு துண்டு கற்கண்டாவது தருவாள் என்றும் எதிர்பார்த்தேன்.

அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனாள். படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். அதில் இன்னும் கொஞ்சம் மா ஒட்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளையும் படத்தையும் சேர்த்து அடுப்புக்குள் வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைத் திரும்ப மா டின்னுக்குள் போட இருந்தேனே, இனி என்னிடம் என்ன இருக்கிறது என்று கத்தி அழுதேன். கற்கண்டும் தரவில்லை என்பதையும் சேர்த்து அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அடுப்புக்கு முன்னால் இருந்து சாம்பலைக் கிளறிக்கொண்டேயிருந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாக வந்தார்கள். பதிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அம்மாவிடம் கேள்வி கேட்டார், மற்றவர்கள் பெட்டியையும் பானையையும் கவிழ்த்தார்கள். அம்மாவின் தலையணையை ஒருவர் கத்தியால் கீறினார். இலவம்பஞ்சு முற்றமெல்லாம் பறந்தது. நான் அதைப் பிடிக்க ஓடினேன். ஓடும்போதுதான் வேலிக்கு வெளியே துவக்கோடு நின்றவரைக் கண்டேன்.

"ஆமி மாமா!" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவர் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பாயில் பக்கத்தில் இருத்தி எத்தனை சத்தம் சொல்லிக்கொடுத்திருப்பேன், ஒரு முகம் பார்க்கக் கூடாதா? அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள். எங்கள் வீட்டில் ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். அதற்குப் பிறகு அவர் நேசரிக்கு வரவில்லை. திங்கட்கிழமை டீச்சர் மா டின்னை எடுக்கவேயில்லை. க டின்னைத் தொடங்கினார்.

மாமா கட்டாருக்குப் போகவில்லை, நான் பிறந்த வருடம் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்துக்குப் போனவர் என்பதை வளர்ந்த பிறகு அறிந்தேன். பதிவில் அம்மா தனக்குக் கூடப்பிறந்தவர் ஒருவருமில்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தாள். அந்தப் படம் ஒன்றுதான், அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி. மாமா திரும்பி வரவில்லை. வேறு படமும் இல்லை. ஆமி மாமா அதைத் தானே கிழித்து எறிந்திருக்கலாம், மேலிடத்தில் கொடுத்துமிருக்கலாம். எதற்காகத் திருப்பித் தந்தார் என்பது எனக்கு இன்றும் குழப்பம். நன்றி சொல்வதா, வேண்டாமா என்பதும் குழப்பம்.

இப்போது ஒன்று மட்டும் குழப்பமில்லை. அம்மா என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னது என் கெட்டித்தனத்தைக் கேட்டு ரசிக்க அல்ல. ஐந்து வயது நிறையாத பிள்ளை, எங்காவது ஓரிடத்தில் பிழையாக வாசித்திருப்பாள், அந்தத் தாளில் வேறு ஏதாவது எழுதியிருக்கும், படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் காத்திருந்தாள். நான் மூன்று தரமும் ஓர் எழுத்துக்கூடப் பிழை விடாமல் வாசித்தேன்.